கிறீம் போத்தலின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

தாவர எண்ணெய்களும் மென்மையூட்டிகளும்: இல்லத்தரசிகள் அறிய வேண்டியவை

இன்று எமது வீடுகளில் ஒரு கிறீமோ லோஷனோ இல்லாத அலுமாரியைக் காண்பது அரிது. குழந்தைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, வெடித்த குதிகாலுக்கு ஒன்று என்று மாதச் சாமான்களோடு இவையும் சேர்ந்துவிட்டன. கடையில் இவற்றைத் தெரிவு செய்யும்போது நாம் பார்ப்பது போத்தலின் முன்பக்கத்தைத்தான். அங்கே ஒலிவ் பழம், உடைத்த தேங்காய், பாதாம் பருப்பு, கருஞ்சீரகம் என்று அழகான படங்கள் இருக்கும். "இயற்கையானது" என்ற சொல்லும் பெரிய எழுத்தில் இருக்கும். விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்ற விபரம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், பழக்கமில்லாத பெயர்களில் அச்சிடப்பட்டிருக்கும். அதை வாசிக்கத் தெரியாததால் எமக்கு நட்டம் பல. பெயருக்காகப் பணம் கொடுக்கிறோம். கரப்பன் உள்ள குழந்தையின் தோலில் அதற்குப் பொருந்தாத எண்ணெயை நல்லதென்று நம்பித் தேய்க்கிறோம். "அல்கஹோல்" என்ற சொல்லைக் கண்டு நல்லதொரு கிறீமை எறிந்துவிடுகிறோம். அதேவேளை மிருகக் கொழுப்பில் செய்த சவர்க்காரத்தை அறியாமலே பாவிக்கிறோம்.

இந்தப் பட்டியலை வாசிப்பதற்கு இரசாயனம் படித்திருக்கத் தேவையில்லை. சில விதிகளையும் சில பெயர்களையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

தோல் ஏன் காய்கிறது?

எமது தோலின் மேற்படையை ஒரு செங்கற் சுவருக்கு ஒப்பிடலாம். உயிரற்ற தட்டையான கலங்கள்தான் செங்கற்கள். அவற்றுக்கிடையே சாந்து போல இருப்பது கொழுப்பு. இந்தக் கொழுப்புச் சாந்து சரியாக இருக்கும்வரை உடலின் நீர் வெளியேறாது. வெளியிலிருந்து அழுக்கும் கிருமியும் இலகுவில் உட்புகாது. சவர்க்காரம், சுடுநீர், குளிர்காற்று, ஓயாத பாத்திரம் கழுவுதல் என்பன இந்தச் சாந்தைக் கரைத்துவிடுகின்றன. அப்போதுதான் தோல் வரண்டு, செதில் கட்டி, அரிக்கத் தொடங்குகிறது.

இதைச் சரிசெய்ய ஒரு கிறீமில் மூன்று வகைப் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. முதலாவது, நீரை ஈர்த்து வைத்திருப்பவை. கிளிசரின், யூரியா என்பன இவ்வகை. இரண்டாவது, கலங்களுக்கிடையேயுள்ள வெடிப்புகளை நிரப்பித் தோலை வழவழப்பாக்குபவை. எமோலியன்ட் என்று குறிப்பிடப்படும் மென்மையூட்டிகள் இவைதான். தாவர எண்ணெய்களில் பெரும்பாலானவை இந்த வேலையையே செய்கின்றன. மூன்றாவது, மேலே ஒரு மூடி போல நின்று நீர் ஆவியாவதைத் தடுப்பவை. பெற்றோலியம் ஜெலி, மெழுகு வகைகள் இதில் அடங்கும். நல்ல கிறீம் என்பது இந்த மூன்றும் அளவோடு சேர்ந்த ஒன்றுதான். எண்ணெய் மட்டும் தனியே பூசினால் அதில் நீரும் இல்லை, நீரை ஈர்க்கும் பொருளும் இல்லை. அதனால்தான் குளித்த ஈரம் முற்றாகக் காயுமுன் எண்ணெய் பூச வேண்டும் என்கிறார்கள்.

பட்டியலின் ஒழுங்கு

ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களில் பின்பற்றப்படும் விதி இதுதான்: நிறையில் அதிகமாக உள்ள பொருள் முதலில், குறைவாக உள்ளது பின்னால் என்ற ஒழுங்கில் எழுத வேண்டும். ஒரு வீதத்துக்குக் குறைவாக உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த ஒழுங்கிலும் எழுதலாம். எனவே முதல் ஐந்தாறு பெயர்கள்தான் உண்மையில் அந்தக் கிறீம். மற்றவை சிறு சேர்க்கைகள்.

இனி ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். முன்பக்கத்தில் ஒலிவ் படம் போட்ட ஒரு 200 மில்லி லீற்றர் லோஷனின் பின்பக்கத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: அக்குவா, பரபினம் லிக்குவிடம், கிளிசரின், செற்றியரைல் அல்கஹோல், டைமெத்திகோன், பினொக்சியெத்தனோல், பர்பியூம், ஒலியா யூரோப்பியா புரூட் ஒயில், டொகோபெரோல்.

அக்குவா என்றால் நீர். பரபினம் லிக்குவிடம் என்பது கனிய எண்ணெய். டைமெத்திகோன் சிலிக்கன் வகையைச் சேர்ந்த வழவழப்பூட்டி. பினொக்சியெத்தனோல் கிருமி வளராமல் காக்கும் பொருள். ஐரோப்பியச் சட்டப்படி இதை ஒரு வீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. ஒலிவ் எண்ணெய் அதற்கும் பின்னால், வாசனைக்கும் பின்னால் வருகிறது. அப்படியானால் அதுவும் ஒரு வீதத்துக்கு மேல் இருக்க முடியாது. 200 மில்லி லீற்றர் போத்தலில் அதிகமாகப் போனாலும் 2 மில்லி லீற்றர். ஒரு தேக்கரண்டியில் பாதி கூட இல்லை! இதை "ஒலிவ் லோஷன்" என்று வாங்குகிறோம்.

இந்த லோஷன் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. கிளிசரினும் கனிய எண்ணெயும் தம் வேலையைச் செய்யும். ஆனால் ஒலிவ் படத்துக்காக மேலதிகப் பணம் கொடுக்க நியாயமில்லை. பினொக்சியெத்தனோல் என்ற பெயரை ஞாபகத்தில் வையுங்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணெய்கள் எல்லாம் பெயருக்குச் சேர்த்தவை என்று கணக்கிடலாம்.

பெயர்களை அடையாளம் காண்போம்

தாவர எண்ணெய்கள் பட்டியலில் பெரும்பாலும் தாவரத்தின் லத்தீன் பெயரிலேயே குறிப்பிடப்படும். அடிக்கடி காணப்படுபவை இவை:

கொக்கோஸ் நுசிபெரா: தேங்காய் எண்ணெய்
ஒலியா யூரோப்பியா: ஒலிவ், அதாவது ஸைத்தூன் எண்ணெய்
ஹீலியாந்தஸ் அனூஸ்: சூரியகாந்தி எண்ணெய்
செசாமம் இண்டிகம்: நல்லெண்ணெய்
ரிசினஸ் கொமியூனிஸ்: ஆமணக்கெண்ணெய்
புரூனஸ் அமிக்டலஸ் டல்சிஸ்: பாதாம் எண்ணெய்
நைஜெல்லா சற்றைவா: கருஞ்சீரக எண்ணெய்
பியூற்றிரோஸ்பர்மம் பார்க்கி: ஷியா வெண்ணெய்
தியோபுரோமா ககாவோ: கொக்கோ வெண்ணெய்
ஆர்கானியா ஸ்பினோசா: மொரோக்கோவின் ஆர்கான் எண்ணெய்
அராகிஸ் ஹைப்போஜியா: கச்சான் எண்ணெய்

கடைசிப் பெயரைத் தாய்மார் விசேடமாகக் கவனிக்க வேண்டும். கச்சான் எண்ணெய் கலந்த கிறீம்களைத் தடித்துச் சிவந்த தோலில் பூசிய குழந்தைகளிடையே பிற்காலத்தில் கச்சான் ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டதை 2003 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வு எடுத்துக்காட்டியது. வெடித்த தோலினூடாக உணவுப் பொருள் உடலுக்கு அறிமுகமாவது நல்லதல்ல.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல

எண்ணெய்களின் குணம் அவற்றிலுள்ள கொழுப்பமிலங்களைப் பொறுத்தது. தோலைப் பொறுத்தவரை இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஒன்று லினோலெயிக் அமிலம். மற்றது ஒலெயிக் அமிலம். லினோலெயிக் அமிலம் நாம் மேலே சொன்ன கொழுப்புச் சாந்தைக் கட்டுவதற்குத் தோலுக்குத் தேவைப்படுகிறது. ஒலெயிக் அமிலமோ அளவு கூடும்போது அந்தச் சாந்தின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கும் மேல் லினோலெயிக் அமிலம் இருக்கும். கருஞ்சீரக எண்ணெயிலும் அதுவே அதிகம். ஒலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலெயிக் அமிலம். நல்லெண்ணெயில் இரண்டும் ஏறக்குறையச் சமம். தேங்காய் எண்ணெய் வேறு இனம். அதில் பாதியளவு லோரிக் அமிலம்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013 இல் வெளியான ஆய்வொன்றில் 19 பேர் கலந்துகொண்டனர். நாளுக்கு இருமுறை ஒலிவ் எண்ணெயின் சில துளிகளை நான்கு வாரங்கள் முன்கையில் பூசியபோது, தோலின் மேற்படை பலவீனமடைந்து இலேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது அப்படி நடக்கவில்லை. தோலின் ஈரப்பதமும் கூடியது.

ஸைத்தூன் எண்ணெய்க்கு எம்மிடம் உள்ள மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. உணவாக அதன் சிறப்பை இந்த ஆய்வு எந்த வகையிலும் குறைக்கவில்லை. காலமெல்லாம் பூசி எந்தத் தொல்லையும் காணாதவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. கலந்துகொண்டவர்கள் தொகையும் சிறியதுதான். ஆனால் கரப்பன் உள்ள குழந்தைக்கும், இலகுவில் வரண்டு வெடிக்கும் தோலுக்கும் அது முதல் தெரிவாக இருக்கக்கூடாது என்பதே இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம்.

பங்களாதேஷின் டாக்கா நகரில் ஒரு சிறுவர் வைத்தியசாலையில் 497 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2005 இல் வெளியானது. சூரியகாந்தி எண்ணெய் பூசப்பட்ட சிசுக்களுக்கு வைத்தியசாலையில் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு, பூசப்படாதவர்களைவிட 41 வீதம் குறைவாக இருந்தது. விலையுயர்ந்த மருந்தல்ல, சாதாரண விதை எண்ணெய் ஒன்று பலவீனமான தோலுக்குக் காவலாக நின்றது. ஆனால் இது வைத்தியர்களின் கண்காணிப்பில் நடந்தது. குறைமாதக் குழந்தைக்கு எதைப் பூசுவதாயினும் வைத்தியரைக் கேட்காமல் பூசக்கூடாது.

எமது தேங்காய் எண்ணெய்க்கும் நல்ல சாட்சி உண்டு. பிலிப்பைன்ஸில் கரப்பன் உள்ள 117 சிறுவர்களிடம் எட்டு வாரங்கள் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், சுத்தமான வேர்ஜின் தேங்காய் எண்ணெய் கனிய எண்ணெயைவிடக் கூடுதலான குணத்தைத் தந்தது. ஆனால் முகப்பரு உள்ள முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. பொடுகுத் தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊற வைப்பதும் உதவாது. பொடுகோடு தொடர்புடைய பங்கசு கொழுப்பையே உணவாகக் கொள்வது.

ஆர்கான் எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொரோக்கோவின் கிராமியப் பெண்கள் கையால் கொட்டை உடைத்து எடுக்கும் இந்த எண்ணெய்க் கலையை யுனெஸ்கோ 2014 இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன் உழைப்புக்கேற்ப விலையும் அதிகம். ஆனால் கொழுப்பமில அளவைப் பார்த்தால் அது எமது நல்லெண்ணெய்க்கு வெகு தூரத்தில் இல்லை. இதை அறிந்த பின் எதை வாங்குவது என்பது உங்கள் தீர்மானம்.

கனிய எண்ணெய் விஷமா?

"பெற்றோலியத்திலிருந்து எடுத்தது, தோலுக்கு விஷம்" என்ற பேச்சு பரவலாக உண்டு. பெற்றோலியம் ஜெலி 1872 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருள். அழகு சாதனங்களிலும் மருந்துகளிலும் சேர்ப்பது நன்கு சுத்திகரிக்கப்பட்ட வகை. ஒவ்வாமை தருவது மிக அரிது. தோலிலிருந்து நீர் வெளியேறுவதைத் தடுப்பதில் எந்தத் தாவர எண்ணெயும் அதற்கு ஈடாகாது. வெடித்த குதிகாலுக்கும் காய்ந்த உதட்டுக்கும் ஒரு சிறிய டப்பா ஜெலி போதுமானது. அது தோலுக்கு ஊட்டம் எதுவும் தராது. மூடி போல மட்டுமே நிற்கும். இயற்கை என்பதால் மட்டும் ஒன்று நல்லதுமல்ல. தொழிற்சாலையில் செய்தது என்பதால் மட்டும் கெட்டதுமல்ல.

"அல்கஹோல்" என்ற சொல்

எம் சகோதரிகளை அதிகம் குழப்புவது இந்தச் சொல்தான். இரசாயனத்தில் அல்கஹோல் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். போதை தருவது அந்தக் குடும்பத்தில் ஒருவரான எதனோல்.

செற்றைல் அல்கஹோல், ஸ்டியரைல் அல்கஹோல், செற்றியரைல் அல்கஹோல் என்பன வெள்ளை மெழுகு போன்ற திண்மப் பொருட்கள். இவை போதை தருவனவல்ல. தோலைக் காய வைப்பதற்குப் பதிலாக மென்மையாக்குவதே இவற்றின் வேலை. செற்றைல் அல்கஹோலை 1817 இல் செவ்ருல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் திமிங்கிலக் கொழுப்பிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார். இன்று இவை பெரும்பாலும் தேங்காய், பாம் எண்ணெய்களிலிருந்தோ பெற்றோலியத்திலிருந்தோ செய்யப்படுகின்றன.

வெறுமனே "அல்கஹோல்" என்றோ "அல்கஹோல் டெனாட்" என்றோ இருந்தால் அதுதான் எதனோல். பட்டியலின் தொடக்கத்திலேயே அது வந்தால் வரண்ட தோலை மேலும் வரட்டும். வெளிப்பூச்சாக அதைப் பாவிப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். எந்த அல்கஹோல் என்று பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

தாவரமா, மிருகமா?

சவர்க்காரப் பட்டியலில் சோடியம் டலோவேற் என்ற பெயர் இருந்தால் அது மிருகக் கொழுப்பில் செய்தது. எந்த மிருகம், எப்படி அறுக்கப்பட்டது என்பதைப் பெயர் சொல்லாது. சோடியம் பாமேற், சோடியம் கொகோவேற் என்றிருந்தால் முறையே பாம் எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் செய்தவை.

கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், கிளிசரைல் ஸ்டியரேற் என்பன தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகத்திலிருந்தும் வரலாம். பெயர் ஒன்றுதான். இங்கே பட்டியலை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஹலால் முத்திரையோ, தாவர மூலம் என்ற தெளிவான குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் உற்பத்தியாளரிடம் எழுதிக் கேட்கலாம். பாவனையாளர் என்ற முறையில் அது எமது உரிமை. லெனோலின் என்பது செம்மறியாட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கப்படும் மெழுகு. வரண்ட தோலுக்கு நல்லது. ஆயினும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

வாசனை எண்ணெய் வேறு

லவெண்டர், எலுமிச்சை, டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்களுக்கும் எண்ணெய் என்றே பெயர். ஆனால் இவை ஆவியாகும் பொருட்கள். தோலுக்குக் கொழுப்பைத் தருவனவல்ல. லிமொனீன், லினலூல், சிற்றல், பர்பியூம் என்ற பெயர்கள் வாசனையைக் குறிக்கின்றன. தோல் ஒவ்வாமைக்கு வாசனைப் பொருட்கள் ஒரு முக்கிய காரணம். குழந்தைக்கும் கரப்பன் உள்ளவர்களுக்கும் வாசனையற்றதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

விலையும் பாவிக்கும் முறையும்

விலை கூடியது கூடிய குணம் தருமா? இங்கிலாந்தில் கரப்பன் உள்ள 550 சிறுவர்களுக்கு லோஷன், கிறீம், ஜெல், களிம்பு என்ற நான்கு வகைகளையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022 இல் வெளியான முடிவில் ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று காணப்படவில்லை. பிள்ளை முகம் சுளிக்காமல் தினமும் பூச விடும் ஒன்றே சிறந்தது. 2020 இல் வெளியான இன்னொரு ஆய்வில் 1394 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். பிறந்ததிலிருந்து ஒரு வருடம் தினமும் மென்மையூட்டி பூசியும் கரப்பன் வருவதைத் தடுக்க முடியவில்லை. ஆகவே வந்த வரட்சியை ஆற்றுவதற்கு இவை உதவும். வருமுன் தடுக்கும் என்ற விளம்பரத்தை நம்பிச் செலவழிக்க வேண்டாம்.

ஐவேளை வுழூவும் அடுப்படி வேலையும் உள்ள எமது கைகள் நாள் முழுதும் நனைகின்றன. வுழூச் செய்து ஈரத்தை ஒற்றியெடுத்த பின் இலேசான லோஷன் பூசிக்கொள்ளலாம். நீரைத் தள்ளும் தடிப்பான ஜெலி, களிம்பு வகைகளை இஷாவுக்குப் பின் படுக்கப்போகும் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, காலையில் நன்றாகக் கழுவிவிட்டால் மனதுக்கும் திருப்தி.

இன்னுமொரு எச்சரிக்கை. மென்மையூட்டிகள் ஊறிக் காய்ந்த துணி இலகுவில் தீப்பற்றும். கழுவினாலும் முற்றாகப் போகாது. பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2018 இல் இதுபற்றி விசேடமாக எச்சரித்தனர். நெய்க் கிறீம்களை நிறையப் பூசிக்கொண்டு முந்தானையோடும் முக்காட்டோடும் அடுப்பருகே நிற்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

பட்டியலே இல்லாத கிறீமை எவ்வளவு புகழ்ந்து தந்தாலும் வாங்காதீர்கள். குறிப்பாக நிறத்தை வெளுக்க வைக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் காணப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தையே பாதிக்கும். தோல் நீர் வடிந்தால், சீழ் கட்டினால், அரிப்பில் பிள்ளை தூங்காவிட்டால் எண்ணெயை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் செல்லுங்கள். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு பூசி ஓரிரு நாள் பார்த்த பின்பே முகத்துக்கோ குழந்தைக்கோ பாவியுங்கள். எண்ணெய்ப் போத்தலை வெயில் படாத இடத்தில் வைத்து, காறல் வாசனை வந்தால் வீசிவிடுங்கள்.

அரிசி வாங்கும்போது கல் பார்க்கிறோம், மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிறோம். பிள்ளையின் மேனியில் பூசுவதை வாங்கும்போதும் போத்தலைத் திருப்பி முதல் ஆறு பெயர்களையாவது வாசித்துப் பார்ப்போம்.